கன்று கொண்டுவந்தது யார்

மகனே,

நீ சௌக்கியமாக இருப்பாய். உன் மாமா வீட்டுச் சாப்பாட்டில் யாரும் இளைத்துப் போனதில்லை. நானும் இருக்கிறேன், என் உடம்பைப் பற்றி அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. தென்காசிக்கும் நம் ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் கிடைக்காது, இதற்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். நேரில் இந்தப் பேச்சை எடுத்தால் நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விடுகிறாய். போன பொங்கலுக்கும் அப்படித்தான். உன் அப்பாவுக்குப் படையல் போட்ட அன்றைக்கும் அப்படித்தான். கடிதம் என்றால் கை கழுவிவிட்டு வந்தும் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

ஆவணியில் குற்றாலத்தில் கல்யாணம், சீசன் கூட்டம் வடிந்த பிறகு வசதியாக இருக்கும் என்று எழுதியிருந்தாய். உன் மாமா மகள் கோமதி நல்ல பெண். அவளை நீ கட்டிக்கொள்வதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. கல்யாணம் முடிந்த கையோடு புளியங்குடியில் இருக்கிற எலுமிச்சைக் கமிஷன் கடையை உன் பொறுப்பில் விடப்போகிறார் என்றும் எழுதியிருந்தாய். அதுவும் சரி. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "மாமா நமக்கு எவ்வளவோ செய்திருக்கிறார், நீங்கள் பழசை மறந்து சிரித்த முகத்தோடு வந்து நிற்க வேண்டும்" என்று, அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். உனக்குத் தெரிந்த பழசு ஊர் சொன்ன பழசு. உன் அப்பா எங்கிருந்தோ சீக்குப் பிடித்த கன்றைக் கொண்டுவந்து விற்றார், பிறகு அவரே போய் விவசாய ஆபீசில் சொல்லி ஊர் மரத்தையெல்லாம் வெட்ட வைத்தார், விற்க முடியாமல் கிடந்த காயை உன் மாமா வாங்கி ஊருக்குச் சோறு போட்டார். இதுதானே உனக்குத் தெரிந்தது? நடந்ததை நான் சொல்கிறேன். படித்துவிட்டு மறப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

நம் தோட்டத்தில் நீ ஓடி விளையாடியிருக்கிறாய், ஆனால் அது எப்படித் தோட்டமானது என்று உனக்குத் தெரியாது. உன் அப்பா அதை வாங்கியபோது வெறும் கல்லுக்காடு. நீ வயிற்றில் இருந்தபோது நான் அதில் கல் பொறுக்கிச் சுமந்திருக்கிறேன். கிணற்றை அவர்தான் ஆள் வைத்து ஆழப்படுத்தினார். மாடு கட்டித் தண்ணீர் இறைத்து, ஊர் மரத்துப் பழத்தின் விதையிலிருந்தே நாற்று வளர்த்து, எலுமிச்சை வைத்தார். நாலைந்து வருஷம் கழித்து அது காய்த்தபோது ஊரில் யாருக்கும் அப்படிக் காய்க்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து மாடசாமி அண்ணாச்சி அதைப் பார்த்துத்தான் தன் நிலத்திலும் எலுமிச்சை வைத்தார். அவருக்கு உன் அப்பாவைவிட வயது அதிகம், ஆனாலும் எரு எப்போது வைக்கலாம், எந்தக் கொப்பைக் கழிக்கலாம் என்று எல்லாவற்றையும் உன் அப்பாவிடம் கேட்டுத்தான் செய்வார். இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் வேலி என்று ஒன்று கிடையாது. அவர் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் நமக்கு ஒரு கிண்ணம் வரும். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பாவூர்ச் சந்தைக்குப் போனவர் அவர். இப்போது உனக்கு அவர் முகம்கூடச் சரியாக நினைவிருக்காது.

நீ தென்காசியில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மாமா வீட்டில் தங்க ஆரம்பித்த வருஷம், மழை நாளில், உன் மாமா ஒரு லாரி நிறைய எலுமிச்சைக் கன்றுகளோடு வந்தார். கடைக் காயெல்லாம் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்குப் போகிற லாரி அது. காயை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது அந்தப் பக்கத்திலிருந்து கன்றுகளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது. உன் அப்பா ஒரு கன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"மச்சான், மலைக்கு அந்தப் பக்கம் மரத்துல எல்லாம் சீக்கு வந்திருக்குன்னு சொல்லுதாங்களே. அங்கன இருந்து கன்னு கொண்டாரக் கூடாதுன்னு உத்தரவும் போட்டிருக்குல்லா?"

"அதெல்லாம் கவர்மெண்டு பண்ணைக்காரன் தன் கன்னை விக்கதுக்குச் சொல்லுத கதை மாப்ள. பர்மிட்டு எங்கிட்ட இருக்கு. கெட்டதையா கொண்டாந்து என் தங்கச்சி வீட்டுல இறக்குவேன்?"

"என் தங்கச்சி வீடு" என்று அவர் சொன்ன பிறகு உன் அப்பா என்ன பேச முடியும்? பழைய மரங்களுக்கு நடுவில் காலியாகக் கிடந்த இடத்தில் கன்றுகளை வைத்தார். மிச்சத்தை நம் தோட்டத்திலேயே இறக்கச் சொன்னார் உன் மாமா. "உம்ம கையால ஊர்க்காரங்களுக்குக் குடுங்க மாப்ள. நீரு குடுத்தா நம்பி வாங்குவாங்க. என் பேரை மட்டும் எடுக்காண்டாம், மத்த கடைக்காரங்க பொறாமைப்படுவாங்க" என்றார். ஊரே வந்து வாங்கிப் போனது. எல்லாரையும்விட அதிகமாக வைத்தது மாடசாமி அண்ணாச்சி. வந்த காசு அப்படியே புளியங்குடிக் கடைக்குப் போனது. ஒரு பைசாகூட உன் அப்பா தொடவில்லை. பர்மிட்டை யாரும் பார்க்கவும் இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் சாரல் பலமாக அடித்தது. சாரல் என்றால் உலகத்துக்கெல்லாம் குற்றாலத்தில் போய்க் குளிக்கிற சந்தோஷம். எங்களுக்கு அந்த வருஷம் சாரல்தான் சத்துரு. காற்றும் தூறலுமாக ஒரு மரத்து ஈரத்தை இன்னொரு மரத்தில் கொண்டுபோய்த் தெளித்தது. மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில், தோட்டத்துக்குப் போன உன் அப்பா உடனே திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். புதுக் கன்றுகளின் இலையில் பழுப்பு நிறத்தில் சொறி சொறியாகப் புடைத்திருந்தது. ஒவ்வொரு சொறியைச் சுற்றியும் மஞ்சளாக ஒரு வளையம். இலையைத் தடவினால் விரலில் நெருடியது. பக்கத்தில் இருந்த பழைய மரத்துப் பிஞ்சுகளிலும் அதே சொறி. அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்ப என்ன செய்யப் போறிய?" என்று கேட்டேன்.

"தென்காசி ஆபீசுல போயிச் சொல்லணும்."

"சொன்னா?"

"வெட்டிக் கொளுத்தச் சொல்லுவாங்க."

"நாமளே இந்தக் கன்னுகளைப் பிடுங்கிப் போட்டுருவோமே. யாருக்குத் தெரியப் போவுது?"

"நம்ம தோட்டத்துல பிடுங்கலாம். மாடசாமி அண்ணாச்சி தோட்டத்துல யாரு பிடுங்குவா? இதை விட்டா புளியங்குடி வரைக்கும் ஒரு மரம் மிஞ்சாது."

ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் அவர் புளியங்குடிக்குப் போய் உன் மாமாவைத்தான் பார்த்தார். இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள். உன் மாமா பதறவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "கொஞ்சம் பொறும் மாப்ள. ஊர்க் காயெல்லாம் கடைக்கு வந்து சேரட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்" என்றாராம். காய் வந்து சேருகிற வரைக்கும் ஊர் ஊராகச் சீக்கும் போய்ச் சேரும் என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார். அதற்கு உன் மாமா, "நீரு என்ன ஊருக்கெல்லாம் வைத்தியரா?" என்று கேட்டாராம். உன் அப்பா அங்கிருந்து நேராகத் தென்காசிக்குப் பஸ் ஏறினார்.

ஆபீசர் ஒரு ஜீப்பில் வந்தார். வயது குறைந்தவர், கடுமையாகப் பேசவில்லை. தோட்டம் தோட்டமாக நடந்து பார்த்தார். நம் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று, "இந்தக் கன்றெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். மாடசாமி அண்ணாச்சி நின்றார். நானும் நின்றேன். உன் அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "நான்தான்யா அந்தப் பக்கம் போயி வாங்கியாந்தேன். தெரியாம செஞ்சிட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் கதவைச் சாத்திவிட்டுச் சண்டை போட்டேன். "எதுக்கு அப்படிச் சொன்னிய? எங்கண்ணன் செஞ்சதுக்கு நீங்க ஏன் தலையைக் குடுக்கிய?"

"உங்கண்ணன் பேரைச் சொன்னா கேசு போட்டு உள்ள வைப்பாங்க. பொறவு நீ பொறந்த வீட்டு வாசல்ல எப்படிப் போயி நிப்ப? பயலும் அங்கன இருந்துதான படிக்கான்."

"நான் போயி நிக்காட்டா என்ன? பயலை இங்கன கூட்டிக்கிட்டு வந்துருவோம். நீங்க போயி உண்மையைச் சொல்லுங்க."

அவர் போகவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, சாகிற வரைக்கும் அவர் போய்ச் சொல்லவில்லை. உன் அப்பாவை ஒரு தெய்வம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மகனே. சீக்கைப் போய்ச் சொன்னது பெரிய காரியம்தான். ஆனால் அண்ணன் பேரை மறைத்தாரே, அந்தப் பெருந்தன்மையை யார் கேட்டது? எனக்காக என்றார். நான் வேண்டாம் என்றேன். உனக்காக என்றார். நீ அந்த வீட்டிலேயே வளர்ந்து அவரையே கேவலமாகப் பார்த்தாய். யாருக்கும் உபகாரமில்லாத ஒரு நல்ல குணத்தை அவர் கடைசி வரை தூக்கிச் சுமந்தார். நாங்களும் கூடச் சுமந்தோம். நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வரும். யாரையாவது காப்பாற்றுகிறேன் என்று பொய் சொல்லத் தோன்றினால், அந்தப் பொய் யார் தலையில் போய் விழும் என்று முதலில் உன் பெண்டாட்டியிடம் கேள். கேட்டதோடு விடாதே, அவள் சொல்வதைக் காதில் வாங்கு.

தண்டோரா போட்டார்கள். நம் ஊரிலிருந்து எலுமிச்சைக் கன்றோ, கொப்போ, இலையோ எதுவும் வெளியே போகக் கூடாது. சொறி கண்ட மரத்தையும் அதைச் சுற்றியுள்ள மரங்களையும் வெட்டி, வெட்டின இடத்திலேயே எரிக்க வேண்டும். மிச்ச மரத்துக் காயைக் காம்பு, இலை இல்லாமல் பறித்து, கழுவி, ஆபீசர் வந்து பார்த்துச் சீட்டுக் கொடுத்தால்தான் வண்டி ஏற்றலாம். பஸ் நிற்கிற இடத்திலும் ஊரின் மறு முனையிலும் காவலுக்கு ஆள் போட்டார்கள். கீழப்பாவூரில் மகளுக்கு மசக்கை என்று மடியில் நாலு காய் கட்டிக்கொண்டு போன ஒருத்தியை நிறுத்தி, மடியை அவிழ்க்கச் சொல்லிக் காயைக் குழியில் போட வைத்தார்கள். ஊறுகாயாகப் போட்டுக் கொண்டுபோகலாம் என்று யாரோ சொல்ல, ஊரே ஊறுகாய் போட்டது. வீட்டில் பானை பற்றாமல் குளிக்கிற அண்டாவில்கூடப் போட்டார்கள். அத்தனை ஊறுகாயை யார் வாங்குவார்கள்? அந்த உத்தரவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது பணிந்து நின்றவர்கள் மேலேதான் விழுந்தது. சீட்டுக் கொடுக்க வேண்டிய ஆபீசருக்கு எங்களை மாதிரி எத்தனையோ ஊர். அவர் வருகிற வரைக்கும் காய் காத்திருக்காது. சாக்கில் கட்டி வைத்தது சாக்கிலேயே அழுகி, தெருவெல்லாம் புளிச்ச நாற்றம்.

மரம் வெட்டின அன்றைக்கு நீ ஊரில் இல்லை. முதலில் நம் தோட்டத்தில்தான் வெட்டினார்கள். உன் அப்பா தானே கோடரியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய மரங்களை வெட்டினார். ஆட்கள் புதுக் கன்றுகளைப் பிடுங்கினார்கள். பச்சை மரம் லேசில் எரியாது. சீமெண்ணெய் ஊற்றி ஊற்றி எரித்தார்கள். பிறகு மாடசாமி அண்ணாச்சி தோட்டத்துக்குப் போனார்கள். அவர் மூத்த மகளுக்கு அந்த வருஷக் காயை நம்பித்தான் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தார். அவர் கத்தவில்லை. வரப்பில் உட்கார்ந்து கடைசி மரம் விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு எழுந்து உன் அப்பாவிடம் வந்தார்.

"உன்னைக் கூடப்பிறந்தவனா நெனச்சு உன் கையால கன்னு வாங்கினேன்" என்றார். "பொம்பளை நிக்கா, அதனால வாயைக் கட்டிக்கிட்டுப் போறேன். இனிமே நான் வார பாதையில நீ வராத."

உன் அப்பா தலையைக் குனிந்து நின்றார். எனக்குத் தாங்கவில்லை. "அண்ணாச்சி, கன்னு கொண்டாந்தது இவுக இல்ல, எங்கண்ணன்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "புருசனைக் காப்பாத்தக் கூடப்பிறந்தவனைக் காட்டிக் குடுக்காத தாயி. அவன்தான் நாளைக்கு ஊர்க் காயை வாங்குதேன்னு சொல்லியிருக்கான்."

ஆமாம், மகனே. உன் மாமா அதற்குள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். சீட்டு இல்லாத காயை, அழுகப் போகிற காயை, கேட்ட விலைக்கு வாங்கிக்கொண்டார். அதை என்ன செய்தார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த இடத்தில் நீயும் இருந்தாய். தீபாவளிக்கு உன்னைப் பார்க்க நான் தென்காசிக்கு வந்திருந்தேன். பந்தியில் உட்கார்ந்து உன் மாமா தன் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சீக்கு இல்லாத ஊரின் பேரில் வாங்கின சீட்டைக் காட்டி, நம் ஊர்க் காயைச் சாக்கோடு சாக்காகக் கலந்து, புளியரைச் சோதனைச் சாவடி வழியாக அனுப்பிவிட்டாராம். காய் வாடாமல் இருக்கச் சாக்கின் அடியில் பச்சை இலையைப் பரப்பித்தான் கட்டினாராம், காவல்காரன் மேலே இருந்த காயை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டானாம். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உனக்கு அது சிரிக்கிற வயது, உன்மேல் குற்றம் இல்லை. ஆனால் உன் அப்பா எந்த இலை வெளியே போகக் கூடாது என்று தன் மரத்தைத் தானே வெட்டினாரோ அந்த இலைதான் அது என்று எனக்குத் தெரியும். நான் இலையில் வைத்ததைச் சாப்பிடாமல் எழுந்தேன். "ஏட்டி, உனக்கு என்ன வந்துது?" என்று உன் மாமா கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்கு வந்தேன்.

ஊருக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன். குழாயடியில் சொன்னேன், கோவிலில் சொன்னேன். கேட்டவர்கள் என்னைத்தான் நன்றி கெட்டவள் என்றார்கள். உன் பிள்ளைக்கு அவர்தானே சோறு போடுகிறார், அழுகப் போன காய்க்குக் காசு கொடுத்தது அவர்தானே என்றார்கள். நம் ஊர்க் காயை ஏற்றிப் போன உன் மாமாவின் லாரிகள் வழியில் நின்ற ஊர்களிலெல்லாம் மறு வருஷம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொறி கண்டது. மரம் இருந்த இடத்தில் உன் அப்பா சோளம் விதைத்திருந்தார். களை பறித்துக்கொண்டிருந்தவர் சேதி கேட்டுப் பாதியில் எழுந்து வந்து வீட்டில் படுத்தார். சும்மாதான் வெட்டினேனா, சும்மாதான் வெட்டினேனா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அவர் உன்னைப் பார்க்க ஒரு தரம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார், உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பிடிக்கும் என்று ஆலங்குளம் வரைக்கும் போய்ச் சேவு வாங்கிக்கொண்டு வந்தார். நீ கூடப் படிக்கிற பையன்களோடு வந்துகொண்டிருந்தவன், அவரைப் பார்த்ததும் வேறு வழியாகத் திரும்பிப் போய்விட்டாய். நம் ஊர்ப் பையன்கள் உன்னைக் கேலி செய்திருப்பார்கள். அவர் வீட்டுக்கு வந்து, "பயலுக்குப் பரீட்சை, பாக்க முடியல" என்று சொன்னார். சேவுப் பொட்டலத்தை நான் அவிழ்க்கவில்லை. அதன்பின் அவர் தென்காசிக்குப் போனது ஆஸ்பத்திரிக்குத்தான். நெஞ்சு வலி என்று கொண்டுபோய்ச் சேர்த்தோம், திரும்பி நடந்து வரவில்லை. நீ கொள்ளி வைத்தாய். செலவெல்லாம் உன் மாமா செய்தார். பாடை முதல் பதினாறாம் நாள் விசேஷம் வரை ஒரு குறையும் வைக்கவில்லை. தங்கச்சி புருஷன் என்ன செய்திருந்தாலும் இவர் செய்கிறாரே என்று வந்தவர்கள் அத்தனை பேரும் மெச்சிக்கொண்டு போனார்கள். மாடசாமி அண்ணாச்சி வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை உன் மாமா தாம்பூலத் தட்டோடு வந்தார். அண்ணியையும் கூட்டி வந்திருந்தார். பட்டுச் சேலை ஒன்று தட்டில் இருந்தது. நான் தட்டை வாங்கிக்கொண்டேன், காப்பி போட்டுக் கொடுத்தேன். அண்ணி பின்கட்டுக்குப் போனபோது கேட்டேன்.

"அண்ணே, கல்யாணத்துக்கு முன்னால நீங்க ஒரு காரியம் செய்யணும். மாடசாமி அண்ணாச்சி வீட்டுக்குப் போயி, அந்தக் கன்னு நீங்க கொண்டாந்ததுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "ஏட்டி, இன்னுமா? மாப்ள போயே இத்தனை வருசம் ஆயிட்டு. இப்ப சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஊரு எல்லாத்தையும் மறந்துட்டு. நீதான் மறக்க மாட்டேங்க."

"ஊரு மறக்கல அண்ணே. தப்பா ஞாபகம் வச்சிருக்கு."

அவர் இல்லை என்று சொல்லவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். "கல்யாணம் நல்லபடியா முடியட்டும். பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். அண்ணி வந்துவிட்டாள். எழுந்து போய்விட்டார். காய் வந்து சேரட்டும், பிறகு சொல்லலாம் என்று அன்றைக்கு உன் அப்பாவிடம் சொன்னவரும் இவர்தான்.

கோமதியிடம் நீ இதையெல்லாம் எப்போது சொல்வாய், சொல்வாயா என்பது உன் இஷ்டம். ஆனால் அவளை ஒரு நாளும் இதை வைத்துக் குத்திப் பேசாதே. அவள் அப்போது பாவாடை கட்டின சின்னப் பிள்ளை. கடையை நீ ஏற்றால், பிறத்தியார் ஊர்ச் சீட்டைக் காட்டி ஒரு சாக்குகூட உன் கடையிலிருந்து போகக் கூடாது. போனால் நீ என் மகன் என்று சொல்லாதே.

இனி என் பங்கு. நான் கல்யாணத்துக்கு வருவேன். அந்தப் பட்டுச் சேலையைக் கட்டமாட்டேன், இருக்கிற சேலையில் வருவேன். நீ கேட்ட சிரித்த முகம் என்னிடம் இல்லை. ஆனால் அழுது உன் காரியத்தைக் கெடுக்கமாட்டேன். உன்னிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஊருக்குப் பத்திரிகை வைக்க வரும்போது மாடசாமி அண்ணாச்சி வீட்டுக்கு உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போகாதே. நீ தனியாகப் போ. அவர் இப்போது கண் மங்கி வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணம் நின்றுபோன அந்த மூத்த மகள் உள்ளே பீடி சுற்றிக்கொண்டிருப்பாள், அவளுக்கு இனிமேல் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. யாருப்பா என்று அவர் கேட்பார். உன் மாமா பேரைச் சொல்லி அவர் மருமகன் என்று சொல்லாதே, உன் அப்பா பேரைச் சொல்லி அவர் மகன் என்று சொல். அவர் என்ன வைதாலும் நின்று கேட்டுக்கொள். நான் இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன், நீ ஒரு நாள் கேட்டால் குறைந்து போய்விட மாட்டாய். அதற்குப் பிறகு நீ வாயைத் திறக்கலாம், திறக்காமலும் திரும்பி வரலாம். நான் சொன்னதை ஊர் நம்பவில்லை. அந்த வீட்டில் வளர்ந்து, அந்த வீட்டுப் பெண்ணையே கட்டப்போகிற நீ சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது.

நீ சொன்னால், உன் மாமா நடத்துகிற கல்யாணத்துக்கு அவர் வரமாட்டார். உன் மாமாவும் உன் கையில் கடையைக் கொடுக்காமல் போகலாம். இரண்டையும் யோசித்துக்கொள். ஆனால் நீ சொல்லியிருந்தால், அந்த மனுஷன் தடியை ஊன்றிக்கொண்டாவது என் வாசலுக்கு வருவார். வந்து என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் பேச வேண்டாம், இருந்துவிட்டுப் போனால் போதும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போகக் கார் அனுப்புவதாக உன் மாமா சொல்லியிருக்கிறார். அந்தக் கார் வருகிற வரைக்கும் நான் வாசல் கதவைச் சாத்தமாட்டேன்.

உன் அப்பாவின் மனைவி,
உன் அம்மா